மூன்றாவது முறை

"தம்பி, கடைசி ரெண்டு வரியை இன்னொரு தடவை படி."

கல்லூரியில் படிக்கும்போது, வங்கித் தேர்வுக்கு வந்த பார்வையற்ற அண்ணன் ஒருவருக்கு ஸ்கிரைப்பாக, அதாவது கேள்வியைப் படித்துக்காட்டி அவர் சொல்லும் விடையைப் பதிபவராக, போயிருந்தேன். ஒரு கேள்வியில், வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர். யாருக்கு இடப்பக்கம் யார், யாருக்கு எதிரே யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பார்வையுள்ளவர்கள் தாளில் வட்டம் போட்டுப் பெயர்களைக் குறித்துக்கொள்வார்கள். அவர் மேசைமேல் விரலாலேயே ஒரு வட்டம் போட்டு, எட்டு இடங்களையும் தொட்டுத் தொட்டுப் போனார். ஆறாவது இடத்தில் விரல் நின்றது. மூன்றாம் முறை படிக்கச் சொல்ல வாயெடுத்தவர், என் மூச்சில் அலுப்பு தெரிந்ததோ என்னவோ, "பரவால்ல, ரெண்டாவதையே போட்டுடு" என்றார்.

அந்தப் "பரவால்ல" இன்னும் என்னை உறுத்துகிறது.

எங்கள் முன்னால் இருந்தது கணினி. அவர் வீட்டில் தினமும் படித்ததும் கணினியில்தான். பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-ல் எழுதத் தொடங்கிய என்விடிஏதான் அண்ணனுக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டியது; காசில்லாமல் கிடைக்கும் திரைவாசிப்பான் அது. தேர்வுக்கூடக் கணினியில் அது இல்லை. இருந்தால் மட்டும் போதாது. விடைக்கான பொத்தான்களுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால், "ரேடியோ பட்டன், ரேடியோ பட்டன்" என்று வெறுமனே சொல்லிக்கொண்டு போகும். அட்டவணையைப் படமாக ஒட்டியிருந்தால் "கிராஃபிக்" என்று சொல்லி நின்றுவிடும். அதையே முறையான அட்டவணையாகப் போட்டிருந்தால், அம்புக்குறி விசைகளால் கட்டம் கட்டமாக நகர்ந்து, எந்த வரிசை, எந்தப் பத்தி என்று கேட்டுக்கொண்டே கணக்குப் போடலாம். மென்பொருள் எழுதும்போதே செய்யவேண்டிய வேலை இது.

சட்டம் பேசாமல் இல்லை. மத்திய அரசின் 2013 வழிகாட்டுதல் ஸ்கிரைப் வைத்து எழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகக் கொடுக்கச் சொன்னது. பிரெயிலா, கணினியா, பெரிய எழுத்தா என்று தேர்வரே முடிவுசெய்யட்டும் என்றும் சொன்னது. நேரத்தைக் கொடுத்துவிடுகிறோம். கணினியை மட்டும் அவர் கைக்கு விடுவதில்லை.

ஸ்கிரைப் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் இன்னொரு மனிதர். தேர்வறையில் நமக்கெல்லாம் யாருக்கும் தெரியாமல் தடுமாறுகிற சுதந்திரம் இருக்கிறது. ஒரே வரியை ஐந்து முறை படிக்கிறோம், போட்ட விடையை அழிக்கிறோம், மறுபடி அதையே போடுகிறோம். யாரிடமும் கேட்பதில்லை, யார் முகமும் சுளிப்பதில்லை. அண்ணனுடைய ஒவ்வொரு சந்தேகமும் என் காது வழியாகப் போக வேண்டியிருந்தது. எனக்குச் சிரமம் கொடுக்கக்கூடாதென்று, தனக்கு வரவேண்டிய ஒரு மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்தார். எத்தனை நிமிடம் கூட்டிக் கொடுத்தாலும் அந்தக் கூச்சம் போகாது. தன் கேள்வியோடு தனியாக உட்கார அவருக்கு ஓர் இடம் வேண்டும்.

வெளியே வந்து டீ குடித்தோம். "வீட்ல இந்த மாதிரிக் கணக்கைப் பத்து தடவை கேப்பேன் தம்பி" என்றவர், போனில் ஒரு மாதிரித் தேர்வைத் திறந்து, இயர்போனின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். மழை கொட்டுவதுபோல் குரல் ஓடியது. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்.