மணமில்லாத கசிவு



1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவில் எண்ணெய்க் குதமொன்று தீப்பற்றி எரிந்தது. அத்தீயை ஊரே கண்டது. கண்ணுக்குத் தெரியும் தீயை அணைக்க எல்லோரும் ஓடிவருவர். கண்ணுக்குத் தெரியாத கேட்டைத் தடுக்க வேண்டியவர் யார்?

மெதேன் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எண்ணெய்க் கிணறுகளிலும், சுத்திகரிப்பு ஆலைகளின் குழாய் மூட்டுகளிலும் வால்வுகளிலும் அது கசிகிறது. ஆலையில் கழிவு வாயுவைக் கொளுத்தும்போது சரியாக எரியாத பகுதியும் வானில் கலக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது காபனீரொட்சைட்டைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்க வல்லது. ஆயினும் ஏறத்தாழ 12 ஆண்டுகளே வானில் நிலைக்கும். ஆகவே, இன்று கசிவை அடைத்தால் அதன் பலனை நம் பிள்ளைகள் காண்பார்கள்.

2021இல் கிளாஸ்கோ மாநாட்டின்போது பல நாடுகள், 2030க்குள் உலகின் மெதேன் வெளியேற்றத்தை 2020ஆம் ஆண்டு அளவிலிருந்து 30 வீதம் குறைக்க உறுதிபூண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது. எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழில்களில் கசிவைத் தேடி, அளந்து, அடைக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். இறக்குமதியாகும் எண்ணெயும் படிப்படியாக இக்கணக்குக்குள் வருகிறது. ஆகையால் அங்குள்ள சுத்திகரிப்பு ஆலைகள், தாம் வாங்கும் மசகு எண்ணெயைக் கிணற்றிலிருந்து எடுத்தபோது எவ்வளவு மெதேன் வெளியேறியது என்று விசாரிக்க வேண்டியதாகிறது.

“செல்வந்த நாடுகளின் சட்டம் ஏழை நாடுகளுக்குச் சுமை” என்பார் சிலர். அதில் நியாயம் இல்லாமலில்லை. 1969 முதல் இயங்கும் நமது சப்புகஸ்கந்த ஆலை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 பீப்பாய் கொள்ளளவே உடையது. கருவிகளுக்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவைப் பேராலை தாங்கும், சிற்றாலை தாங்குமா? அச்செலவு கடைசியில் நம் மீனவரின் மண்ணெண்ணெய் விலையில் ஏறிவிடாதா?

கேள்வி சரியானதே. ஆனால், கசிவை அடைக்காமல் விட்டால் அச்செலவு மறைந்துவிடுகிறதா? இல்லை. அது சூடேறும் கடலாகவும் தவறும் மழையாகவும் அதே மீனவரின், அதே கமக்காரரின் தலையில் விழுகிறது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஆகவே அது மிச்சம் பிடித்த பணமன்று. பிறர்மேல் ஏற்றிய கடன். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல் மெதேனையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது காரணமின்றியன்று. வசதி படைத்த நாடுகள் கருவியும் பணமும் தந்து உதவ வேண்டும், அது நீதி. ஆனால் உதவி வரும்வரை கசியட்டும் என்றிருப்பது நீதியாகாது.

நம் வீட்டுச் சமையல் வாயுவுக்கும் இயல்பில் மணமில்லை. கசிந்தால் தெரியட்டும் என்றே மணப்பொருள் சேர்க்கிறார்கள். நல்ல சட்டமும் அத்தகையதே: மறைந்திருக்கும் கேட்டை அது நமக்கு உணர்த்துகிறது.

சீனக்குடாவின் 99 குதங்களைப் பங்கிட்டுப் பயன்படுத்த 2022 ஜனவரியில் உடன்படிக்கை ஆனது. திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்க்க 2025 ஏப்ரலில் இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இணக்கம் கண்டன. நாளை இங்கே ஓர் ஆலை எழுமானால், “எத்தனை பேருக்கு வேலை?” என்று நாம் கேட்போம், கேட்கவும் வேண்டும். அத்தோடு, “கசிவை அளப்பவர் யார்? அக்கணக்கை எங்களுக்கும் காட்டுவீர்களா?” என்றும் கேட்போமா? சிந்திப்போமாக.