பரிவும் கவியும்



கவி எழுதுகிறவனுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியைப் பணி ஓய்வு பெறும் வரையில் நாம் எழுப்பியதே இல்லை. வணிகவியல் படித்து, வங்கியில் பேரேடும் வட்டிக் கணக்குமாக 34 ஆண்டுகளைக் கழித்த நமக்கு, வெண்பா இயற்றவேண்டும் என்னும் ஆசை மட்டும் இளமை தொட்டு இருந்துவந்தது. ஓய்வு கிடைக்கட்டும் என்று ஒத்திவைத்தோம். ஓய்வும் கிடைத்தது. கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு திவ்யதேசங்களுக்குச் சென்றோம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம், புஷ்கரிணிப் படிகளில் அமர்ந்தோம், காவிரிக்கரையில் காத்திருந்தோம். ஓராண்டில் தளை தட்டாத நான்கு வெண்பாக்கள் தேறின. படித்துப் பார்த்தால், வரவும் செலவும் நேராகி இருப்பு ஒன்றுமில்லாத கணக்கைப் போல இருந்தன.

இந்தக் குறையோடுதான் மறுபடியும் பெரியாழ்வார் திருமொழியைக் கையில் எடுத்தோம். ஆழ்வாருடைய அன்றாடம் நாம் அறிந்ததே. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து, நீர் இறைத்து, பூப்பறித்து, மாலை கட்டி வடபத்ரசாயிக்குச் சமர்ப்பித்து வந்தார். கவி தேடி அவர் எங்கும் போனதாகத் தெரியவில்லை. பூச்சூட்ட அழைக்கும் பதிகத்தை நோக்குவோம். செண்பகம், மல்லிகை, பாதிரி, தமனகம், செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று பாசுரத்துக்கு ஒரு பூவாக வருகிறது. வர்ணனைக்காக ஏட்டிலிருந்து பொறுக்கிய பெயர்களாக இவை நமக்குப் படவில்லை. அன்று காலை குடலையில் இருந்தவை அவ்வளவும் பாட்டுக்குள் வந்துவிட்டன என்றே தோன்றுகிறது.

நீராட அழைக்கும் பதிகம் இன்னும் வியப்பானது. குழந்தையின் திருமேனியில் ஒட்டிய வெண்ணெய்ப் பிசுக்கைப் போக்க எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு யசோதைப்பிராட்டி நெடும்போதாகக் காத்திருக்கிறாள். அப்பம் சுட்டு வைத்திருப்பதாக ஆசை காட்டுகிறாள். எண்ணெய்க்குடத்தை உருட்டியதையும், உறங்கும் சிறு குழந்தையைக் கிள்ளி எழுப்பியதையும் சொல்லிக் குறைப்படுகிறாள். காது குத்த அழைக்கும்போது, தெருப் பிள்ளைகளெல்லாம் காது பெருக்கித் திரிவதைப் பார் என்கிறாள். சர்வேச்வரனைப் பாட வந்தவர் கையாண்ட சரக்கு எண்ணெய், புளி, அப்பம், சீப்பு. நம் அகத்துச் சமையலறையிலும் கொல்லையிலும் இல்லாத ஒன்றை அவர் கேட்கவில்லை.

ஆழ்வார்களுடைய ஞானம் எம்பெருமான் தானே தந்தருளியது; நம்மைப் போன்றார் முயற்சியை அதனோடு ஒப்பிடலாமோ என்று சிலர் கேட்கக்கூடும். ஒப்பிடவில்லை. எட்டாத உயரம் என்று சொல்லிவிட்டு அங்கே கற்கக்கூடியதையும் கல்லாமல் விடுவது சோம்பலுக்கு இடும் மரியாதைப் பெயர் என்பது நம் எண்ணம்.

அப்படியானால் சுற்றியுள்ளதைக் கூர்ந்து பார்த்தால் போதுமா? அன்றாட வாழ்வை உற்று நோக்கு, கலை தானே பிறக்கும் என்று இக்காலத்தில் பலரும் சொல்கிறார்கள். நாமும் நம்பினோம். சென்ற ஆண்டு நடந்த ஒன்று அந்த நம்பிக்கையை அசைத்தது.

நம் தாயாருக்குப் பிராயம் 88. கை தலைக்கு எழாது. தலை வாரிவிடும் பணியை நம் இல்லாள்தான் செய்துவந்தாள். அவளுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்தபோது அது நம்மிடம் வந்தது. ஒருநாள் முற்றத்தில் உட்கார வைத்து வாரிக்கொண்டிருந்தோம். மதில்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அம்மா அதைப் பார்த்து, "காக்கா, இவனுக்குத் தலை வாரிவிட வா" என்றார். அறுபது ஆண்டுகளுக்கு முன் நம்மை அசையாமல் உட்காரவைக்கச் சொன்ன சொல் அது. யாருக்கு யார் தலை வாருகிறார் என்பது அவருக்கு அக்கணத்தில் மாறியிருந்தது. நம் நெஞ்சில் ஓர் அடி எழுந்தது, முழுதாக, சீர் பிசகாமல். சீப்பை வைத்துவிட்டு உள்ளே ஓடி நோட்டைப் பிரித்தோம். இரண்டாம் அடியும் வந்தது, மூன்றாவதும் வந்தது. நான்காவதற்கு நெடுநேரம் தடுமாறினோம்.

திரும்பி வந்தபோது, அம்மா பாதி வாரிய தலைமயிரை எழாத கையால் எப்படியோ பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெயில் முகத்துக்கு வந்துவிட்டது. "ஆயிடுத்தாடா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு காக்கையைக் குழல்வார அழைக்கும் பதிகத்தைச் சேவித்தோம். பல முறை சேவித்தும் கண்ணில் படாத ஒன்று அன்று பட்டது. அந்தத் தாய் ஓரிடத்திலும் சீப்பைக் கீழே வைக்கவில்லை. தாலாட்டு தூங்கப்பண்ணுகிறது, காக்கையை அழைப்பது குழந்தையை அசையாமல் நிறுத்துகிறது, அப்பத்தின் பேச்சு நீராட்டத்துக்கு இழுக்கிறது. இவற்றில் பாட்டு பணிவிடைக்குக் கருவியாக இருக்கிறது. நாமோ பணிவிடையைப் பாட்டுக்குக் கச்சாப்பொருள் ஆக்கினோம். கூர்ந்துதான் பார்த்தோம்; ஆனால் எடுத்துக்கொண்டு போவதற்காகப் பார்த்தோம்.

பெரியோர்கள் ஆழ்வாருக்குத் தனியேற்றமாகச் சொல்வது பரிவு. மற்றை ஆழ்வார்களுக்கு மங்களாசாஸனம் காதாசித்கம், இவருக்கு நித்யம் என்று பிள்ளை லோகாசார்யர் வாசி காட்டினார். கருடன்மேல் காட்சி தந்தவனைக் கண்டு, கண்ணெச்சில் படுமே என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினாராம். வேண்டியதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும் கணத்தில், அவனுக்கு என்ன ஆகுமோ என்று பதறியவர் அவர். அந்தப் பதற்றத்திலிருந்து வந்ததால்தான் எண்ணெய்க்கும் புளிக்கும் அவர் வாயில் அந்த உயிர் வந்தது என்று இப்போது எண்ணுகிறோம்.

இதில் நமக்கு ஓர் ஐயம் தீரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சீப்பை வைத்துவிட்டு ஒருவரும் எழுந்து போகாவிட்டால் எழுத்தில் என்ன நிற்கும்? எத்தனையோ தாய்மார்களின் தாலாட்டு அவரவர் மடியோடு போயிற்று. எழுதுவதும் ஒரு கடமையே. பெரியவாச்சான் பிள்ளை இத்திருமொழிக்கு அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி மறைந்துபோக, மறைந்த அளவுக்கு மட்டும் மணவாள மாமுநிகள் வ்யாக்யானம் அருளி, பழைய உரை கிடைத்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்பது ஸம்ப்ரதாயத்தில் ப்ரஸித்தம். தாம் எழுதவேண்டும் என்பதற்காக அவர் மேலே ஓர் எழுத்தும் எழுதவில்லை. அவர் எழுதியிராவிட்டாலோ, அந்தப் பாசுரங்களை நாம் இன்று அனுபவிக்கும் வகையே இல்லை. எப்பொழுது எழுதுவது, எப்பொழுது சீப்போடு இருப்பது என்று பகுத்தறியும் தெளிவு நமக்கு இன்னும் வரவில்லை.

இல்லாளின் கை தேறிவிட்டது. இருந்தும் தலைவாரும் பணியை நாமே வைத்துக்கொண்டோம். நோட்டு உள்ளே அலமாரியில் இருக்கிறது. சில நாள் ஓர் அடி எழுகிறது. பின்னி முடிப்பதற்குள் போய்விடுகிறது. சில அடிகள் மாலைவரை தங்குகின்றன, அவற்றை எழுதி வைக்கிறோம். சென்ற வாரம் மதிலில் காக்கை இல்லை. அம்மா தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார். "காக்கா, அம்மாவுக்குத் தலை வாரிவிட வா" என்று நாமே அழைத்தோம்.

அம்மா சிரித்தார். "அது வராதுடா. நீயே வாரு" என்றார்.