ஏன் என்று கேட்கும் உரிமை

மாலை வேளையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமரும் நண்பர் ஒருவர் உண்டு. ஓய்வு பெற்ற கணக்கதிகாரி, நல்லவர், நாட்டுப்பற்று மிக்கவர். அரசியல் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கேள்வியால் எல்லோர் வாயையும் அடைத்துவிடுவார்:

“நாடு இருந்தால்தானே ஐயா, உரிமை? வீடு தீப்பற்றி எரியும்போது கதவை உடைத்தார்களே என்று வழக்காடுவீர்களா?”

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நமது அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. குற்றம் செய்ததற்காக அன்று, செய்யக்கூடும் என்பதற்காக ஒருவரைச் சிறையில் வைக்கும் சட்டம் அது. அதைக் கொண்டுவந்த சர்தார் பட்டேல் தாமே அந்நியர் ஆட்சியில் சிறையில் வாடியவர். இம்மசோதாவுக்கு முன் உறக்கமில்லாத இரவுகளைக் கழித்ததாக அவர் நாடாளுமன்றத்தில் சொன்னார். பிரிவினையின் ரத்தம் காயாத காலம். தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம். அவருடைய கவலை பொய்யன்று.

ஆனால் ஓராண்டுக்கென்று வந்த அந்தச் சட்டம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 1969 இறுதிவரை வாழ்ந்தது. அச்சம் தணிந்துவிடுகிறது, அச்சத்தில் பிறந்த சட்டம் தங்கிவிடுகிறது.

அச்சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஒருவரை ஏன் பிடித்து வைத்தோம் என்ற காரணத்தை நீதிமன்றத்துக்குக்கூட வெளியிடக் கூடாது என்றது அது. சென்னை அரசின் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் 1950-இல் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் அந்த ஒரு பிரிவை மட்டும் செல்லாது என்றது, மற்றவற்றை ஏற்றுக்கொண்டது. பிடிக்கலாம், ஆனால் காரணத்தை நீதிபதிக்கே மறைக்கக் கூடாது! சின்னஞ்சிறு வெற்றிதான். எனினும் என் நண்பரின் கேள்விக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

தீப்பிடித்தால் கதவை உடைக்கத்தான் வேண்டும். ஆனால் “தீ!” என்று கூவுகிறவரிடம் “எங்கே?” என்று கேட்பதே குற்றம் என்றால், ஊரில் எந்தக் கதவு மிஞ்சும்?

கோவலன் கதை நமக்குத் தெரியும். காணாமற் போனது அரசியின் சிலம்பு, அரண்மனைப் பொருள். பாண்டியன் கொடியவன் அல்லன். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டான், அவ்வளவுதான். கோவலன் வெட்டுண்டான் என்பது அதில் பாதி அநீதி. மறுபாதியை நாம் நினைப்பதில்லை. உண்மைத் திருடனான பொற்கொல்லன் அரசனின் நம்பிக்கைக்கு உரியவனாகவே நின்றான். விசாரிக்காததால் குற்றமற்றவனும் மாண்டான்; அரண்மனைக்கும் காவல் இல்லாமற் போயிற்று.

இது பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மிசாச் சட்டத்தில் சிறைப்பட்டனர். 1976-இல் நம் சென்னை மத்திய சிறையிலும் மிசாக் கைதிகள் அடிபட்டனர். இதே காலத்தில் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி எச். ஆர். கன்னா அரசு வழக்கறிஞரிடம் ஒன்று கேட்டார்: காவலர் ஒருவர் சட்டவிரோதமாக ஓர் உயிரையே பறித்தாலும் நீதிமன்றம் தலையிட முடியாதா? தம் வாதத்தின்படி முடியாது என்றே பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவர்தான் மறுத்தார்.

தமக்கு என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியாததன்று. இத்தீர்ப்பு தலைமை நீதிபதிப் பதவியைப் பறித்துவிடும் என்று கங்கைக் கரையில் தம் சகோதரியிடம் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே 1977 ஜனவரியில் அவருக்கு இளையவர் அப்பதவியில் அமர்த்தப்பட்டார். கன்னா விலகினார்.

உயிருக்கும் உடல் விடுதலைக்குமான உரிமையை நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று 1978-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 2017-இல் உச்சநீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. அதை எழுதியவர்களில் ஒருவர், அன்று அரசின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவருடைய மகன். ஆனால் நாற்பது ஆண்டுகள் தாமதமாக வந்த நீதி, சிறையில் கழிந்த நாட்களில் ஒன்றையாவது திருப்பித் தருமா?

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். நெருக்கடிக் காலத்தில் அவர் இளம் குமாஸ்தா.

“அப்போது ரயில்கள் நேரத்துக்கு வந்தன. அது ஒன்றைத்தான் நான் கவனித்தேன்” என்றார்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை” என்றார்.

அன்று அவர் தம் வழக்கமான கேள்வியைக் கேட்காமலே எழுந்து போனார்.