பின்னங்கால் சொல்வது

1

மலமோ சிறுநீரோ கழித்து முடித்ததும் நாய் உடனே நடந்துவிடுவதில்லை. ஓரடி தள்ளி நிற்கும். கழுத்து நிமிரும். பிறகு பின்னங்கால்களை மாறி மாறி ஊன்றி மண்ணைப் பின்னால் வாரி இறைக்கும். சில நாய்கள் முன்னங்கால்களையும் சேர்த்துக்கொள்ளும். எல்லா நாய்க்கும் இந்தப் பழக்கம் கிடையாது. உள்ளவற்றில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

அந்த மண் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கழிவின் மேல் விழுவதில்லை. விழுந்ததா என்று நாய் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அதன் கண் தெருவின் மேலேயே இருக்கிறது. மூட நினைக்கும் விலங்கு குனிந்து சரிபார்க்கும். பூனை முன்னங்காலால் மண்ணை இழுத்துப் போடும், மோந்து பார்க்கும், வாசனை இன்னும் வந்தால் மேலும் கொஞ்சம் போடும். பூனை செய்வது ஒரு வேலை. அதே இடத்தில் நாய் நிமிர்ந்து நின்று வேறு ஏதோ செய்கிறது.

2

சார்லஸ் டார்வின் இதைக் கவனித்திருக்கிறார். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றி 1872இல் அவர் எழுதிய நூலில், வெறும் கல்தளத்தின் மேல்கூட நாய்கள் இப்படிப் பின்னோக்கிப் பிறாண்டுகின்றன என்று ஒரு குறிப்பு வருகிறது. விலங்குக் காட்சிசாலையில் ஓநாயும் நரியும் அதையே செய்கின்றன. ஆனால் மண் இருந்தும் அவை கழிவை மூடுவதில்லை என்று அங்குள்ள பராமரிப்பாளர்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறார். என்றோ ஒரு மூதாதைக்குப் பயன்பட்டு, இன்று பயனில்லாமல் எஞ்சிய பழக்கம் என்று முடிக்கிறார்.

அந்தப் பக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. விடைக்கு வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கிறது. கல்தளத்திலும் பிறாண்டுகிறது. மண் இருந்தும் மூடுவதில்லை. மூடுவதற்குத்தான் பிறாண்டுகிறது என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும், அவர் திரட்டிய சான்றுகள் வேறு திசையில் கைகாட்டும். ஆனால் அந்த எண்ணத்தை எடுப்பதுதான் கடினம். கழிவை மறைப்பவர்கள் நாம். நாம் கூசும் இடத்தில் நாயும் கூசும் என்று கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம்.

3

நாய்க்கு நம்மைப்போல் நீராக வியர்க்கும் சுரப்பிகள் முக்கியமாகப் பாதத்து மெத்தைகளில் இருக்கின்றன. விரலிடுக்குத் தோலிலும் மணம் தரும் சுரப்பிகள் உண்டு. பாதத்தைத் தரையில் அழுத்தி இழுக்கும்போது அந்த மணம் தரையில் ஒட்டும். மண்ணிலும் ஒட்டும், கல்லிலும் ஒட்டும்.

மண்ணாக இருந்தால் கீறலும் விழும். சிறுநீரின் வாசனை வெயிலில் குறையும், மழையில் கரையும். அதை அறியப் பக்கத்தில் வந்து மோந்தாக வேண்டும். கீறல் தூரத்திலிருந்தே கண்ணில் படும். புலியும் இப்படிச் செய்கிறது. காட்டுப் பாதையோரம் பின்னங்கால்களால் மண்ணைப் பறித்து, அங்கே சிறுநீரையோ எச்சத்தையோ விட்டுச் செல்லும். முதுமலை போன்ற காடுகளில் வேலை செய்பவர்கள் அந்தப் பறிப்பைப் பார்த்தே புலி போன வழியைத் தெரிந்துகொள்கிறார்கள். இன்னொரு புலிக்காக இட்ட அடையாளம் மனிதருக்கும் புரிந்துவிடுகிறது.

4

கிளறிய மண்ணுக்கென்றே ஒரு மணம் உண்டு. மண்ணில் வாழும் ஸ்டிரெப்டோமைசிஸ் முதலான நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதற்கு ஒரு காரணம். கோடை மழை விழுந்ததும் எழும் மண்வாசனையிலும், புதிதாக உழுத வயலின் வாசனையிலும் அது இருக்கிறது. தண்ணீரில் லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தால்கூட மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும்.

நாயின் மூக்குக்கு முன்னால் நம் மூக்கு எளியது. ஆனால் இந்த ஒரு மணத்தில் நாம் அவ்வளவு பின்தங்கிவிடவில்லை. இங்கே தரை சற்று முன்புதான் கிளறப்பட்டது என்று நமக்கும் தெரியும். அதற்கு மேல், யார் கிளறியது, எப்போது என்று நாய் படித்துக்கொண்டே போகும். நாம் முதல் வரியோடு நின்றுவிடுகிறோம். அந்த முதல் வரியாவது நமக்கும் அதற்கும் பொதுவாக இருப்பதில் எனக்கு ஆறுதல்.

5

1979இல் அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப், கட்டில்லாமல் திரியும் ஆண் நாய்களைக் கவனித்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். வேறு நாய்கள் பார்வையில் இருக்கும்போது அவை அதிகம் பிறாண்டின. கண்ணுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என இரண்டும் சேர்ந்த அறிவிப்பாக அவர் இதைப் பார்த்தார்.

இதில் என் மனம் தங்குகிறது. எதிரே நாய் இருந்தால் அசைவே செய்தி. எதிரே யாரும் இல்லையென்றால் தரை அந்தச் செய்தியை வைத்திருக்கும், பிறகு வருபவர் எடுத்துக்கொள்வார். இருப்பவருக்கும் இனி வருபவருக்கும் ஒரே காலசைவு போதுமானதாக இருக்கிறது. டார்வின் பயனில்லை என்று எண்ணிய அசைவு இது. பயன் நாயிடமும் இல்லை, கழிவிடமும் இல்லை. பார்க்கப்போகும் இன்னொரு நாயிடம் இருந்தது.

6

நாயின் நெருங்கிய உறவான ஓநாயிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ரோஜர் பீட்டர்ஸும் டேவிட் மீச்சும் மின்னசோட்டா மாநிலக் காட்டில் பனியில் பதிந்த ஓநாய்த் தடங்களின் பின்னே நடந்து, அவை விட்ட அடையாளங்களை எண்ணினார்கள். 1975இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு கூட்டத்தின் நிலப்பரப்பில் நடுவைவிட ஓரங்களில் ஏறத்தாழ இரு மடங்கு அடையாளங்கள் இருந்தன. கூட்டத்திலும் எல்லா ஓநாயும் பிறாண்டுவதில்லை. தலைமை இணைதான் முக்கியமாகப் பிறாண்டும்.

பெக்காஃபின் கட்டுரை வந்த அதே 1979இல் ரஸ்ஸல் ராத்மனும் மீச்சும் சேர்ந்து தனி ஓநாய்களைப் பற்றி எழுதினார்கள். கூட்டத்தை விட்டு வெளியேறித் திரியும் ஓநாய் அரிதாகவே அடையாளம் இடுகிறது. அதற்கு ஒரு துணை கிடைத்ததும் எல்லாம் மாறுகிறது. புதிதாகச் சேர்ந்த இணைதான் மிக அதிகமாக அடையாளமிடுகிறது.

தனியாகப் போகும் ஓநாய்க்கும் காலும் நகமும் வாசனையும் இருக்கின்றன. ஆனாலும் பிறர் நிலத்தில் தன்னைத் தெரிவிக்காமல் கடந்து போகிறது. காக்க ஒன்று கிடைத்த பிறகே அது நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லத் தொடங்குகிறது. இதைப் படித்த பிறகு, பிறாண்டலை வெறும் அதட்டலாக என்னால் பார்க்க முடியவில்லை. அதில் ஒரு குடித்தனத்தின் தொடக்கமும் இருக்கிறது.

7

எல்லைக்கல்லை நட்டவர் செத்த பிறகும் கல் நிற்கும். ஊர் பெயர்ந்து போனாலும் நிற்கும். நாயின் எல்லைக்கு அந்த வசதி இல்லை. வாசனை மங்கும், கீறலின் மேல் வண்டி ஏறும், மழை சமன் செய்யும். திரும்பத் திரும்ப வந்து சொன்னால்தான் உண்டு. தெருநாய்கள் காலையும் மாலையும் ஒரே மூலைகளைச் சுற்றி வருவதை நாம் பார்க்கிறோம். அவற்றின் இடம் அவை நடந்துகொண்டிருக்கும் வரைதான் அவற்றுடையது.

நம் தெருக்கள் இப்போது சிமெண்டாகிவிட்டன. அதிலும் அவை பிறாண்டுகின்றன. நகம் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். வீண் வேலை என்று தோன்றும். ஆனால் பாதத்தின் மணம் சிமெண்டிலும் பதிகிறது, அசைவு எதிர்த்தெரு நாய்க்குத் தெரிகிறது. செய்தியின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

8

நாயைச் சங்கிலியில் பிடித்து நடப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது நிமிர்ந்து பின்னங்காலை ஊன்றும் நேரத்தில்தான் நாம் வழக்கமாக இழுக்கிறோம். வேலை முடிந்தது, வா என்கிறோம். நம் கணக்கில் முடிந்தது. அதன் கணக்கில் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. சில நொடி நில்லுங்கள். சொரசொரப்பான தரையில் தினமும் பிறாண்டும் நாயென்றால் பாதத்தையும் நகத்தையும் அவ்வப்போது பாருங்கள். முடிந்தால் மண் உள்ள ஓரமாக அழைத்துப் போங்கள்.

கழிவை அள்ளுவது நம் பொறுப்பு. நாயின் குடற்புழு முட்டைகள் மண்ணில் நீண்ட காலம் உயிர்ப்போடு கிடக்கும். குழந்தைகள் அதே மண்ணில்தான் விளையாடுகிறார்கள். ஆகவே அள்ளுங்கள். அள்ளும்போது நாயின் முகத்தில் வெட்கத்தைத் தேடாதீர்கள். தெருவும் சுகாதாரமும் பற்றிய நம் கவலை அதற்கு இல்லை. அது சொல்ல வந்தது வேறு, சொன்னதும் நமக்கு அல்ல. நமக்குச் சொல்லாத பேச்சுக்கும் இடம்விட்டு நிற்பது, கூட வாழும் உயிருக்கு நாம் தரக்கூடிய எளிய மரியாதை.