பெருந்தொற்றுக் காலத்தில் ஆப்தர் யார்?

கோவிட்-19 நோயின் முதல் அலை வீசிய 2020-ஆம் ஆண்டின் முற்பகுதியில், ஜெர்மனியின் பல்கலைக்கழக மாணவர் ஏறத்தாழ 15,000 பேரிடம், நோய் பற்றிய செய்திகளை அவர்கள் எங்கிருந்து பெறுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டறிந்தனர். தேடுபொறிகள், செய்தித் தளங்கள், அரசு சார்ந்த சுகாதார அமைப்புகளின் இணையதளங்கள் ஆகியவற்றையே அவர்கள் மிகுதியாக நாடினர் என்பதும், வேண்டிய செய்தியைத் தேடி எடுப்பது பெரும்பாலோருக்கு எளிதாகவே இருந்தது என்பதும், எடுத்த செய்தி நம்பத்தக்கதா என்று தீர்மானிப்பது மட்டும் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோர்க்குக் கடினமாக இருந்தது என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தன. மூன்றாவதாகச் சொல்லப்பட்ட முடிவு கல்வித்துறை மட்டும் தீர்த்துவிடக்கூடிய சிக்கலன்று. பிறர் சொல்லக் கேட்டுப் பெறுவது எப்போது அறிவாகிறது, எப்போது வெறும் நம்பிக்கையாகவே நின்றுவிடுகிறது என்ற பழைய தத்துவக் கேள்வியே அதற்குள் இருக்கிறது.

உண்மையை அறிவதற்குரிய வாயில்களை இந்தியத் தத்துவ மரபு பிரமாணம் என்றும், தமிழ் நூல்கள் அளவை என்றும் வழங்குகின்றன. அருணந்தி சிவாச்சாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் முதன்மை பெறுகின்றன. காண்டல் என்பது புலன்களால் நேரே அறிதல், கருதல் என்பது கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்தல், உரை என்பது நம்பத்தக்கவர் சொல்லால் அறிதல். பௌத்த அறிஞர் திக்நாகர் முதலிரண்டையே தனி அளவைகளாக ஏற்று, உரையைக் கருதலுக்குள் அடக்கினார். மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் உரைக்கும் அளவையியலும் இவ்வழியையே பின்பற்றுகிறது. சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டா, அல்லது சொல்பவரின் தகுதியை ஊகித்த பிறகே அதற்கு மதிப்பு வருகிறதா என்பதே இவர்களிடையே இருந்த வழக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் விடுதி அறைகளுக்குள் நுழைந்த நாளில் இந்த வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. கிருமியை எந்த மாணவராலும் காண முடியவில்லை. அதன் போக்கை ஊகிக்கத் தேவையான தரவும் அவர்கள் கையில் இல்லை. ஆகவே அவர்கள் அறிந்தது முழுவதும் உரை வழியாகவே வந்தது.

பல்கலைக்கழகம் என்னும் அமைப்போ இதற்கு நேர்மாறான ஓர் இலட்சியத்தின்மேல் நிற்கிறது. 1784-இல் அறிவொளி என்பது யாது என்ற வினாவுக்கு விடையாக எழுதிய கட்டுரையில், இம்மானுவேல் காண்ட், தம் அறிவைத் தாமே பயன்படுத்தத் துணியாத மனிதரின் நிலைக்குத் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, எதை உண்ணலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவது. சோம்பலாலும் அச்சத்தாலும் பிறர் பிடிக்குள் வாழ்வதைக் கண்டிப்பதே அவர் நோக்கம். அந்தக் கண்டனம் இன்றும் தேவைப்படுகிறது. ஆயினும் தடுப்பூசியை மறுத்த பலரும் ‘நானே ஆராய்ந்து பார்த்துவிட்டேன்’ என்ற இதே தன்னறிவு முழக்கத்தையே முன்வைத்தனர் என்பதை மறக்கலாகாது. நோய்ப்பரவலியல் படிக்காத ஒருவர் நாலைந்து காணொளிகளைப் பார்த்துவிட்டுத் தாமே தீர்ப்பெழுதுவது விடுதலையாகாது; அவர் அந்தக் காணொளிகளைச் செய்தவர்களின் பிடிக்குள் தம்மை அறியாமலே சென்றுவிட்டார்.

எனவே பிறர் சொல்லைச் சார்வதா, தனித்து நிற்பதா என்ற தேர்வே பிழையானது. சார்ந்தே ஆகவேண்டிய நிலையில் யாரைச் சார்வது என்பதுதான் கேள்வி. இதற்கு இந்தியத் தருக்க மரபான நியாய தரிசனம் தரும் விடை வியக்கத்தக்க தெளிவுடையது. ஆப்தரின் உபதேசமே சப்தப் பிரமாணம், அதாவது உரை அளவை, என்று அம்மரபின் மூலநூலான நியாய சூத்திரம் கூறுகிறது. ஆப்தர் என்றால் நம்பத்தக்கவர். அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், சொல்லப்படும் பொருளை நேரே அறிந்திருத்தல், உயிர்களிடத்து இரக்கம், அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் ஆகியவற்றை ஆப்தரின் இயல்புகளாகக் காட்டுகிறார். இந்த இலக்கணம் ரிஷிகளுக்கும் ஆரியருக்கும் மிலேச்சர் எனப்பட்ட அயலாருக்கும் பொது என்றும் சொல்லிவிடுகிறார். குலத்தையும் பதவியையும் கடந்து தகுதியை வைத்த அந்தத் துணிவு போற்றத்தக்கது. இதனினும் குறிப்பிடத்தக்கது, வேதத்தின் நம்பகத்தை நிறுவ வந்த நியாய சூத்திரம் மந்திரத்தோடு ஆயுர்வேதத்தையும் சான்றாகக் காட்டுவது. மருத்துவர் சொன்னபடி செய்தால் பயன் விளைவதைக் காண்கிறோம், ஆகவே சொன்னவர் ஆப்தர் என அறிகிறோம் என்பது அதன் வாதம். மருத்துவச் சொல்லே நம்பத்தக்க சொல்லுக்கு முன்மாதிரியாக நின்றிருக்கிறது.

ஆனால் செயலின் பயனைக் கொண்டு சொல்லைச் சோதிக்கும் இந்த உரைகல் பெருந்தொற்றில் தனிமனிதர் கையில் பயன்படாமல் போனது. தமிழ்நாட்டில் அரசே கபசுரக் குடிநீர் என்னும் சித்த மருந்தை வீடுவீடாக வழங்கியது. அதைக் குடித்த மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் தேறிவிட்டால், குடிநீரே காப்பாற்றியது என்று அவர் நம்புவதும் அதை நண்பர்களுக்குச் சொல்வதும் இயல்பு. இருபது வயதுடையோரில் மிகப் பெரும்பாலோர் எதையும் குடிக்காமலே தேறினர் என்பதுதான் இங்குள்ள சிக்கல். நோயே பெரும்பாலும் தானாக விலகும் வயதில், எந்த மருந்தும் பலித்ததாகவே தோன்றும். குடிநீருக்குப் பயன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒருவர் தேறியது அதில் எதையும் நிறுவாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைப் பற்றியும் இத்தகைய அனுபவக் கூற்றுகள் ஏராளமாக உலவின. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ‘ரெக்கவரி’ ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, மாத்திரை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட பிறகே, 2020 ஜூனில், அதனால் உயிர் காக்கும் பயன் இல்லை என்பது தெளிவாயிற்று. பயன் விளைகிறதா என்று பார் என நியாயம் சொன்னது சரியே. பார்க்க வேண்டிய கண் ஒருவருடையதாக இருக்க முடியாது, ஆயிரக்கணக்கானோரை ஒருசேரப் பார்ப்பதாக இருக்க வேண்டும் என்பதை இக்காலம் கற்பித்தது.

நன்மையில் நேர்ந்த இம்மயக்கம் தீமையிலும் நேர்ந்தது. நடிகர் விவேக், மக்களின் தயக்கத்தைப் போக்கும் எண்ணத்தோடு, 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு, 17-ஆம் நாள் அதிகாலை காலமானார். மரம் நடும் பணியால் மாணவர்களிடம் பெருமதிப்புப் பெற்றிருந்த அவருடைய மரணம், எந்தச் சுகாதாரத் துறை அறிக்கையையும் விட உரத்துப் பேசியது. இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் விளக்கியும், தடுப்பூசி காரணமன்று என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பின்னர் அறிவித்தும், ஐயம் எளிதில் நீங்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது போன்ற தற்செயலான உடனிகழ்வைக் காகதாலீய நியாயம் என்பர்; காக்கைதான் வீழ்த்தியது எனக் கொள்வதே பிழை. கோடிக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும்போது அவர்களுள் சிலர் மறுநாள் வேறு காரணத்தால் இறப்பது தவிர்க்க இயலாதது. ஆனால் அன்பு வைத்த ஒருவரின் இறப்பு எண்ணிக்கையாகக் கண்ணில் படுவதில்லை.

சொல்பவரின் தகுதி பற்றி, வேத விளக்க மரபினரான மீமாம்சகர் இன்னொரு கோணத்தைத் தருகின்றனர். சொல்லில் குற்றம் வருவது சொல்பவரால்தான். வேதத்துக்கு ஆசிரியர் இல்லை, ஆகவே அதில் குற்றத்துக்கு இடமில்லை என்பது அவர்கள் கொள்கை. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வந்த மருத்துவக் குறிப்புகளும் ஆசிரியர் பெயரின்றியே வந்தன. பலமுறை பகிரப்பட்ட செய்திகளை இரட்டை அம்புக்குறியால் அடையாளப்படுத்திவந்த வாட்ஸ்அப் நிறுவனம், 2020 ஏப்ரலில் அவற்றை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றும் வரம்பிட்டது. ஆசிரியர் இல்லாமை வேறு, ஆசிரியர் மறைந்துகொள்வது வேறு. மறைந்துகொண்டவரிடம் அறிந்துதான் சொன்னாரா, இரக்கத்தால் சொன்னாரா என்று கேட்க வழியில்லை. ஆப்தருக்குரிய எந்த இயல்பையும் அங்கே சோதிக்க முடியாது.

பெயர் தெரிந்த, தகுதியுள்ள அமைப்பே தவறியபோது நிலைமை இன்னும் கடினமாயிற்று. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவுவதன்று என்பதை உறுதிப்பட்ட உண்மையாகத் தன் சமூக ஊடகப் பக்கத்தில் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் காற்றுவழிப் பரவலைக் கவனிக்குமாறு வெளிப்படையாக எழுதினர். நிறுவனமும் காலப்போக்கில் தன் நிலையை மாற்றிக்கொண்டது. மாற்றிக்கொண்டது பிழையன்று, அறிவு வளரும் முறையே அது. முன்பு சொன்னது தவறு என்று முதற்கூற்றின் அதே உரத்த குரலில் சொல்லாமல், மெல்ல மெல்லச் சொற்களை நகர்த்தியதே பிழை. அறிந்தபடியே சொல்லும் விருப்பம் என்ற இயல்புக்குள், அறிந்தது மாறியபோது அதையும் சொல்வது அடங்கும். அது குறைந்த இடத்தில், நம்பத்தக்க அமைப்பையும் பெயரற்ற குறிப்பையும் ஒரே தட்டில் வைக்க மாணவர்கள் பழகிக்கொண்டனர்.

மாணவர்கள் கேட்பவர்களாக மட்டும் இருக்கவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் இரண்டாம் அலை உச்சம் தொட்டு, ஆக்சிஜன் படுக்கைக்காகக் குடும்பங்கள் அலைந்தபோது, பல ஊர்களில் கல்லூரி மாணவர்கள், சமூக ஊடகங்களில் சுற்றிய தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாக அழைத்து, எடுத்துப் பேசியவரிடம் கேட்டறிந்ததை மட்டும் ‘வெரிஃபைட்’ என்ற குறிப்போடும், கேட்ட நேரத்தோடும் பதிவிட்டனர். மாலை 4 மணிக்குக் காலியாக இருந்த படுக்கை அரை மணியில் நிரம்பிவிடக்கூடும் என்பதால், அந்த நேரக்குறிப்பு இல்லாத செய்திக்கு மதிப்பில்லை என்பதை அவர்கள் தத்துவம் படிக்காமலே உணர்ந்திருந்தனர். நேரே அறிந்ததையே சொன்னார்கள். முன்பின் அறியாதவர்மேல் கொண்ட இரக்கத்தால் சொன்னார்கள். படுக்கை நிரம்பிவிட்டது என்று தெரிந்ததும் தாங்கள் இட்ட பதிவைத் தாங்களே நீக்கினார்கள்.