கமுதி வழக்கு இன்னும் முடியவில்லை

சிகாகோ புகழோடு தாயகம் திரும்பிய விவேகானந்தரை 1897 ஜனவரியில் பாம்பனில் எதிர்கொண்டு வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. நான்கு மாதம்கூட ஆகவில்லை. சேதுபதி தர்மகர்த்தாவாக இருந்த கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் மே மாதத்தில் நாடார்கள் மேளதாளத்தோடு நுழைந்து, தாங்களே பூசை செய்து வழிபட்டார்கள். மன்னர் வழக்குப் போட்டார். கோயிலுக்குள் வர இவர்களுக்கு உரிமையில்லை என்று அறிவிக்க வேண்டும், தீட்டுக் கழிக்கும் சடங்குக்கு இவர்கள் பணம் கட்ட வேண்டும் என்பவை அவர் கேட்டவை.

சிவன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கீழ்நீதிமன்றம் தொடவில்லை. இதுவரை வழக்கம் எப்படி என்பதையே முக்கியமாகக் கேட்டது. நாடார்கள் உள்ளே போய்வந்த வழக்கம் உண்டென்று நிரூபிக்க முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தது. இந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவரிடம், உள்ளே போனதற்குச் சாட்சி கொண்டுவா என்று கேட்டார்கள். ஒதுக்கிவைத்ததே ஒதுக்கிவைப்பதற்கு ஆதாரமானது.

மதச் சுதந்திரம் பற்றிய வாதங்களில் இந்த வரலாறு அடிக்கடி விட்டுப்போகிறது. பக்தனுக்கும் கடவுளுக்கும் நடுவே அரசு வரலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அரசு என்றைக்கு விலகி நின்றது? கமுதியில் கதவை அடைத்தது ஆகமம் மட்டுமா? நீதிமன்றத்தின் உத்தரவும் அதன் பின்னால் நின்ற போலீசும் சேர்ந்துதான் அடைத்தன.

அந்தத் தீர்ப்பின் கனம் 1939இலும் குறையவில்லை. அந்த ஆண்டு ஜூலை 8ஆம் தேதி காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட தலித்துகள் ஐவரையும் ஒரு நாடாரையும் அழைத்துச் சென்றார். பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் முக்கிய நோக்கம், கோயிலைத் திறந்துவிட்டவர்களை வழக்கிலிருந்து காப்பாற்றுவது. சாமி கும்பிட அழைத்துப்போனவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்ட காலம் அது. அன்று உள்ளே போன கக்கன் பின்னாளில் சென்னை மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார்.

அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்திருந்தவர்களுக்கு இதெல்லாம் கண்முன் நடந்த கதை. 1948 நவம்பர் 29ஆம் தேதி தீண்டாமை ஒழிப்புப் பிரிவு ஏற்கப்பட்டது. அதுவே பின்னர் 17ஆவது பிரிவானது. சில நாளில் அம்பேத்கர் எழுந்து, இந்நாட்டில் பிறப்பிலிருந்து இறப்புவரை எல்லாவற்றையும் மதம் என்ற பெயரில் அடக்கிவிடுகிறார்கள், அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்று வாதிட்டார். மதச் சுதந்திரம் தரும் 25ஆவது பிரிவிலேயே, பொதுத் தன்மையுள்ள இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் இயற்றலாம் என்றும் எழுதிவைத்தார்கள். கதவை அடைக்கத் துணைநின்ற அரசு, திறக்கும் பக்கம் வந்து நின்றது.

இந்தப் பிரிவை முதலில் உரசிப்பார்த்தது முல்கி வேங்கடரமணர் கோயில் வழக்கு. இது எங்கள் கௌட சாரஸ்வத பிராமணர்களின் கோயில், யாரை விடுவது என்பது எங்கள் மத விவகாரம் என்றார்கள் கோயில் தரப்பினர். அந்த உரிமை உண்டு, ஆனால் அது கோயில் நுழைவு உரிமைக்கு உட்பட்டதுதான் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சில சடங்குகளை மட்டும் அவர்களுக்கென்று ஒதுக்கியது. எது மதத்தின் இன்றியமையாத பகுதி என்று நீதிபதிகள் முடிவுசெய்யும் முறையில் சிக்கல்கள் நிறைய உண்டு. அர்ச்சகர் நியமனத்தில் 1972 சேஷம்மாள் வழக்கு தொடங்கி அந்த இழுபறி தொடர்கிறது. வாசற்படி விஷயத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமேயில்லை.

அப்படியிருந்தும் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகள் உள்ளே வரக் கூடாது என்று எழுந்த தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் வருவாய்த் துறை சீல் வைத்தது. தடுத்தவருக்கும் தடுக்கப்பட்டவருக்கும் ஒரே பூட்டு. உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2024 மார்ச்சில்தான் பூசைக்காகக் கதவு திறந்தது.

இத்தகைய ஊர்களில் அதிகாரிகள் முதலில் கூட்டுவது அமைதிப் பேச்சுவார்த்தை. தாலுகா அலுவலகத்தில் இரு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து, காலங்காலமாக இங்கே வழக்கம் என்ன என்று ஆரம்பிப்பார்கள். கமுதி வழக்கில் கேட்ட அதே கேள்வி. அந்த மேசையில் அடிப்படை உரிமை, எதிர்த்தரப்பு மனமிரங்கிக் கொடுக்க வேண்டிய சலுகையாகிவிடுகிறது. 17ஆவது பிரிவு அரசை மட்டுமல்ல, தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். கோயிலுக்குள் விடாமல் தடுப்பதற்குத் தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறைத் தண்டனை இருக்கிறது. ஊர் ஒத்துக்கொண்டால்தான் அது செல்லும் என்று எந்தப் பிரிவிலும் எழுதப்படவில்லை. தடுத்தவர்மீது வழக்குப் பதிந்து, வர விரும்புகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்துக் கோயிலைத் திறந்துவைப்பதுதான் அங்கே அதிகாரியின் வேலை.