முருகன் உண்டியல்ல கை வைக்கலாமா?

 

இந்த வாரம் தல வரலாறு இல்லை, விரத முறையும் இல்லை. எங்க வீட்டு அடுப்படியை இடிச்சுக் கட்டினப்போ வந்த ஒரு கேள்வி. முருகனுக்குன்னு எடுத்து வச்ச காசை வீட்டு அவசரத்துக்கு எடுக்கலாமா? "எடுத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம், அவர் என்ன கேட்கவா போறாரு" என்று நம்மில் நிறைய பேர் சொல்லியிருப்போம். நானும் சொன்னேன். அதில் எனக்குக் கிடைத்த பாடத்தை, கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும், உங்க கிட்ட சொல்லணும்னு தோணுச்சு.

எங்க வீடு மதுரையில். முப்பது வருஷப் பழைய அடுப்படி. கடப்பாக் கல் மேடை, ஈரம் ஏறி உதிர்ந்துகொண்டே இருக்கும் சுவர்ப் பூச்சு, துருப்பிடித்த இரும்புக் குழாய். காலையில் குழாயைத் திறந்தால் முதல் அஞ்சு நிமிஷம் செம்மண் கலரில்தான் தண்ணி வரும். ஆவணி பிறந்ததும் வேலையை ஆரம்பித்தோம். பேசியது 15 நாள், 1,80,000 ரூபாய். முடிந்தது 38 நாள், 2,35,000 ரூபாய்.

யாரும் ஏமாற்றவில்லை. பழைய வீட்டில் உடைத்துப் பார்த்த பிறகுதான் உண்மையான செலவு தெரியும். தரையைப் பெயர்த்தால், கழிவுநீர்க் குழாய் உள்ளேயே உடைந்து மண்ணை நனைத்துக்கொண்டிருந்தது. சுவர் ஈரத்துக்கும் அதுதான் காரணம். மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே பழைய ஒயரில் ஓடுவதைப் பார்த்த எலக்ட்ரீஷியன் தனி லைன் இழுத்தே ஆகணும் என்றார். டைல்ஸ் வாங்கும்போது வெட்டில் போகிற சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து வாங்கணும். மிச்சம் பிடிக்கிறேன் என்று சரியான கணக்குக்கு வாங்கினேன். எட்டு டைல்ஸ் குறைந்தது. திரும்பப் போனால் அதே டிசைன் வேற லாட், கலர் ஒரு பிசிறு தள்ளி இருந்தது. நிலைக்குப் பின்னாடி மறைவாக ஒட்டினோம். இன்னைக்கும் என் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

அந்த 38 நாளும் ஹால்தான் அடுப்படி. ஒரு ஸ்டூலில் இண்டக்ஷன் அடுப்பு, கீழே தண்ணிக் குடம், சோபா மேல மசாலா டப்பா. எங்க சாமி அலமாரி அடுப்படியில்தான் இருந்தது. அதனால முருகன் படமும் சின்ன வேலும் ஃப்ரிட்ஜ் தலைக்குக் குடி வந்தன. பக்கத்தில் அம்மாவோட மண் உண்டியல். பாத்திரம் எல்லாம் குளியலறைக் குழாயடியில். அம்மாவுக்கு முட்டி வலி. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கழுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாங்க. முதல் வாரம் இரக்கப்பட்டு ராத்திரிக்கு ஓட்டல்ல வாங்கினோம். நாலு பேருக்கு ஒரு வேளைக்கு 400 ரூபாய். ரெண்டாவது வாரம் கணக்குப் பார்த்து நிறுத்திட்டோம். இண்டக்ஷன் புண்ணியத்தில் கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டி மேல் ஸ்லாப்புக்குப் போனது தனிக் கதை.

இப்போ உண்டியல் கதைக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வச்சாங்க. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்தே அம்மா நேர்ந்துகிட்டாங்க: அப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்தா பழநிக்குப் போய்த் தங்கத்தேர் இழுக்கிறது, மிச்சத்தை அன்னதானத்துக்குக் கொடுக்கிறது. அன்னையிலிருந்து மளிகையில் மிச்சம் பிடிச்சது, பிளவுஸ் தைச்சுக் கொடுத்து வந்தது, எல்லாம் அந்த மண் உண்டியலுக்குள்ள போகும். உடைத்தால்தான் எடுக்க முடியும்.

நாலாவது வாரம் கை இறுக்கமாச்சு. அப்பாதான் முதலில் சொன்னாரு: "உண்டியலை எடுங்க. கோவணத்தோட நிக்கிற ஆண்டிக்கு எதுக்கு அவசரம்? தையில போட்டுக்கலாம்." தன் உயிருக்காக நேர்ந்த காசைப் பற்றி அப்பாவே அப்படிச் சொன்னதும் நானும் தலையாட்டினேன்.

அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "அவருக்குத் தேவைன்னு நான் சேர்க்கல. நான் கொடுத்த வாக்குக்குச் சேர்க்கிறேன்."

பழநியாண்டவரைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் அவரை ஆண்டியாகவும் பார்க்கலாம், சாயங்காலம் ராஜ அலங்காரத்திலும் பார்க்கலாம். ஆண்டி என்று நினைத்தால் கொடுக்க வேண்டியதில்லை என்று தோன்றும், ராஜா என்று நினைத்தால் கொடுத்து என்ன ஆகப்போகுது என்று தோன்றும். கொடுக்காமல் இருக்க மனசு எப்படியும் ஒரு காரணம் கண்டுபிடிக்கும். அம்மாவோட பதிலில் அவர் ஆண்டியா ராஜாவா என்ற கேள்வியே இல்லை. பேசினது யார் என்பதுதான் இருந்தது.

புரட்டாசி சனிக்கிழமை, கூடவே கிருத்திகை. அம்மா விரதம். சாயங்காலம் வாரச் சம்பளம் கொடுக்கணும். கொத்தனார் அண்ணனுக்கு ஆறு நாள், ஒரு நாளைக்கு 1,100, ஆக 6,600. சித்தாள் அக்காவுக்கு ஆறு நாள், 750 வீதம் 4,500. மொத்தம் 11,100.

நான் சொன்னேன்: "அண்ணே, இந்த வாரம் கையில காசு இல்ல. செவ்வாய்க்கிழமை கொடுத்துடறேன்."

அவர், "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. கரண்டியைக் கழுவினார். மட்டப்பலகையைக் கழுவினார். தூக்குக்குண்டு நூலைச் சுத்திப் பைக்குள்ள வச்சார். திரும்பவும் கரண்டியை எடுத்துக் கழுவினார். அக்கா வாசப்படியில் உட்கார்ந்து சும்மாட்டுத் துணியை மடிச்சு, பிரிச்சு, மறுபடி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பேரும் போகவே இல்லை.

ஹாலில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா சப்பாத்திக் கட்டையால் உண்டியலை உடைச்சிருந்தாங்க.

தரையில் உட்கார்ந்து பத்தும் இருபதும் நூறுமாக எண்ணி, ரெண்டு பேருக்கும் தனித்தனியாக் கொடுத்து, "லேட்டாயிடுச்சுப்பா, மனசுல வச்சுக்காதீங்க"ன்னு சொன்னாங்க. அப்புறம் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் எழுதினாங்க: "முருகனுக்குத் தர வேண்டியது 11,100." அதை மிச்சக் காசோட சேர்த்து மஞ்சத் துணியில் முடிஞ்சு, வேலுக்குக் கீழே வச்சாங்க.

"நீதானம்மா எடுக்கக் கூடாதுன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"நம்ம வசதிக்கு எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். அவங்க ஆறு நாள் வேலை பார்த்துட்டாங்கடா. அது அவங்க காசு. அவங்களை வாசல்ல நிக்க வச்சுட்டு நான் எந்த முகத்தோட தேர் இழுக்கிறது?"

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். "கையில காசு இல்ல"ன்னு நான் சொன்னது பொய். என் அக்கவுண்ட்ல 14,000 இருந்தது. அடுப்புக்கு மேல் மாட்ட ஒரு சிம்னிக்கு 2,000 அட்வான்ஸ் கொடுத்திருந்தேன், மிச்சத்துக்கு அந்தப் பணம். அதை நான் "செலவான பணம்" என்று மனசுக்குள் எழுதிட்டேன். அதனால உண்டியலா, கூலியா என்று மூணு நாள் வீட்டில் விவாதம் நடந்தப்போ, மூணாவதாக ஒரு பணம் இருப்பது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஞாபகம் வராத மாதிரி நானே பார்த்துக்கொண்டேன்.

நேர்த்திக்கடன் பெருசா, கூலிக் கடன் பெருசா? கேட்க ரொம்பப் பெரிய தர்ம விசாரம் மாதிரி இருக்கும். ஆனால் எங்க வீட்டில் அந்தக் கேள்வி எழுந்ததே, ரெண்டுமே எனக்குச் சொந்தமில்லாத பணம் என்பதால்தான். எனக்குச் சொந்தமானதைத் தொடாமல், அடுத்தவர் ரெண்டு பேரில் யார் பணத்தில் கை வைக்கலாம் என்று நான் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை இப்படி ஒரு தர்மசங்கடம் வந்தால், முதலில் நம்ம சிம்னி எங்கே ஒளிஞ்சிருக்கு என்று தேடிப் பார்க்கணும் சொந்தங்களே. பாதி சங்கடம் அங்கேயே தீர்ந்துடும்.

இன்னொரு விஷயமும் அந்த ராத்திரி புரிந்தது. என் பைக் இஎம்ஐ மாசாமாசம் அஞ்சாம் தேதி தானாகப் போயிடும். ஒரு தடவைகூடத் தவறினதில்லை. ஏன்? தவறினால் அபராதம் போடுவாங்க, போன் மேல போன் வரும். டைல்ஸ் கடைக்கு முன்பணம் கொடுத்தேன், இல்லன்னா வண்டி ஏற்ற மாட்டாங்க. கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் முதலில் கொடுத்துட்டேன். கடைசி வரிசையில் நின்றது யார்? "சரி தம்பி" என்று சொன்ன கொத்தனார். உண்டியலோட ஃப்ரிட்ஜ் தலையில் இருந்த முருகன். அப்புறம், முட்டி வலியோட குழாயடியில் உட்கார்ந்த அம்மா. மேடை எவ்வளவு உயரத்தில் வேணும் என்று அம்மாகிட்ட நான் கேட்டதே மூணாவது வாரத்தில்தான், அதுவும் கொத்தனார் அண்ணன், "அம்மா நின்னு பார்க்கட்டும் தம்பி" என்று சொன்ன பிறகு.

கேட்காதவங்களைக் காக்க வைக்கிறதுதான் நமக்கு ரொம்பச் சுலபம். அதுக்கு நாம "அவங்க நம்ம ஆளுங்க, புரிஞ்சுக்குவாங்க" என்று அழகாகப் பெயர் வைத்துவிடுகிறோம். முருகன் கேட்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் உண்டியலில் கை போகிறது. அதைப் பக்தி என்று சொல்ல முடியுமா? பயம் இருக்கிற இடத்தில் ஒழுங்காக நடந்துகொண்டு, அன்பு இருக்கிற இடத்தில் பாக்கி வைப்பது எந்த வகையில் நியாயம்?

அந்தக் காலத்து நகரத்தார் வியாபாரிகள், சாமிக்குள்ள பங்கை மகமை என்று கணக்கிலேயே எழுதி ஒதுக்கினாங்க. லாபம் வந்தால் பார்க்கலாம் என்று விட்டதில்லை. கடல் தாண்டிப் போன இடத்திலும் தண்டாயுதபாணிக்குக் கோவில் எழுப்பினாங்க. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோவில் 1859-லேயே வந்தது. முருகன் கேட்க மாட்டார் என்று அவங்களுக்கும் தெரியும். அதனால்தான் எழுதி வச்சாங்க என்று நான் நினைக்கிறேன். அம்மா நாள்காட்டித் தாளில் எழுதினதும் அதே கணக்குதான்.

அப்படின்னா உண்டியல்ல கை வைக்கலாமா? எனக்குத் தோன்றுவதைச் சொல்றேன், சரியான்னு நீங்க யோசிங்க. இன்னொருத்தருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க, வேற வழியே இல்லாதபோது எடுக்கலாம். எடுத்ததை எழுதி வைக்கணும். அடுத்த சௌகரியத்தை வாங்குவதுக்கு முன்னாடி திருப்பி வைக்கணும். ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை: அம்மா செய்தது சரி என்றால், அம்மாவை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? வேற வழி இருந்தது. அதை மறைச்சு வச்சது நான். அதனால அந்த உண்டியலை உடைத்த கணக்கு என் பேரில்தான்.

அன்னைக்கு ராத்திரி சிம்னி விஷயத்தை அம்மாகிட்ட சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எனக்கு எதுக்குடா சிம்னி? ஜன்னல் பக்கம் ஒரு ஃபேன் மாட்டினா போதும்னு முதல்லயே நினைச்சேன். நீ ஆசைப்பட்டியேன்னு விட்டுட்டேன்" என்றாங்க. அதையும் நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை சிம்னியைக் கேன்சல் செய்தேன். அட்வான்ஸ் 2,000 போச்சு. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் 1,900-க்கு வந்தது. திருப்பரங்குன்றம் போய்க் கும்பிட்டுட்டு, வர்ற வழியில் ஒரு புது மண் உண்டியல் வாங்கிட்டு வந்தேன். மஞ்சத் துணியில் இருந்ததை முதலில் போட்டேன். அப்புறம் 11,100-ஐ எண்ணி உள்ளே போட்டேன். "வட்டி போடணுமாம்மா?" என்று கேட்டதுக்கு, அம்மா முந்தானையிலிருந்து ஒத்த ரூபாயை எடுத்துக் கையில் கொடுத்தாங்க.

இப்போ முருகன் புது அடுப்படியில் பழைய இடத்துக்கே வந்துட்டார். மேடை அம்மா சொன்ன உயரத்தில் இருக்கு. தைப்பூசத்துக்கு அப்புறம் கூட்டம் குறைந்ததும் நாலு பேரும் பழநி போறோம். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கிற இடத்தில் இருக்கிற யாராவது இதைப் படிச்சா, அன்னைக்குச் சாயங்காலமே கொடுத்துடுங்க. உங்க வீட்டில் கேட்காமல் இருக்கிறவங்க யாருன்னும் ஒரு தடவை பாருங்க.

பிடிச்சிருந்தா உங்க குரூப்ல பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!